வெளியேறியதும் திரும்பியதும்: டிரிஸ்டன் டா குன்ஹா எரிமலைத் தீவு, 1961–1963

தென் அட்லாண்டிக் கடலின் நடுவே உள்ள டிரிஸ்டன் டா குன்ஹா என்ற பிரிட்டிஷ் எரிமலைத் தீவில் 1961 அக்டோபரில் வெடிப்பு தொடங்கியது. 264 தீவுவாசிகளும் ஊரைவிட்டு வெளியேறினார்கள். வெடிப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இரண்டு ஆண்டுகள் கடந்ததும் பெரும்பான்மையோர் அதே எரிமலையின் அடிவாரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். பேரிடர் மேலாண்மை பற்றிப் பேசும்போது இதை வெற்றிகரமான வெளியேற்றம் என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். உண்மையில் இங்கே எடுக்கப்பட்டவை இரண்டு தனித்தனி முடிவுகள். ஊரைவிட்டுப் போவது ஒன்று, திரும்பிப் போகாமல் இருப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் பின்னால் சிக்கல் வந்தது. அதைப் பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். சம்பந்தப்பட்ட தனிமனிதர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி: தீவும் அதன் அடித்தளமும்

டிரிஸ்டன் டா குன்ஹாவிலிருந்து கேப் டவுன் சுமார் 2,800 கிலோமீட்டர். மக்கள் வாழும் மிக அருகிலுள்ள நிலம் செயின்ட் ஹெலீனா தீவு. அதுவும் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. விமான நிலையம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மேலிருந்து பார்த்தால் தீவு ஏறக்குறைய வட்ட வடிவம். குறுக்களவு சுமார் 12 கிலோமீட்டர். நடுவே 2,062 மீட்டர் உயரத்துக்கு எழும் குவீன் மேரி சிகரம்தான் எரிமலையின் தலை. கண்ணுக்குத் தெரிவது அந்த மலையின் மேற்பகுதி மட்டுமே. சுற்றியுள்ள கடலின் ஆழம் 3,000 மீட்டருக்கும் மேல் என்பதால், கடலடியிலிருந்து அளந்தால் மலையின் பாதிக்கும் மேற்பட்ட உயரம் நீருக்குள் இருக்கிறது.

இத்தீவு மத்திய அட்லாண்டிக் முகட்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் கிழக்கே அமைந்திருக்கிறது. அதன் மூலத்தைத் தேடினால் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு போக வேண்டும். அப்போது தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் ஒட்டியிருந்தன. பிரிவு தொடங்கிய காலத்தில் பூமியின் ஆழத்திலிருந்து மேலெழுந்த வெப்பம் பரந்த நிலப்பரப்பை எரிமலைக் குழம்பால் மூடியது. அதன் ஒரு துண்டு இன்று பிரேசிலின் பரானா படுகையிலும், மறு துண்டு நமீபியாவின் எடெண்டேகா மலைகளிலும் இருக்கிறது. கண்டத்தட்டுகள் விலகி நகர்ந்தபோதும் அடியிலிருந்த வெப்பம் ஓயவில்லை. நமீபியக் கரையிலிருந்து தென்மேற்காக நீளும் வால்விஸ் கடலடி முகடு அந்த வெப்பம் விட்டுச்சென்ற தடம். அந்தத் தடத்தின் இளைய முனையில் நிற்கும் தீவுகளில் ஒன்று டிரிஸ்டன்.

நிலவியல் கணக்கில் இது குழந்தை. கடலுக்கு மேலே தெரியும் பாறைகள் சுமார் 2 இலட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை. அண்டைத் தீவுகளான இன்அக்சஸிபிளும் நைட்டிங்கேலும் இதைவிட மிகப் பழமையானவை. கடலும் மழையும் அவற்றைத் தின்று சிறுத்துப்போகச் செய்துவிட்டன. டிரிஸ்டனோ இன்னும் வளரும் பருவத்தில் இருக்கிறது. பெரும்பாலான பக்கங்களில் கடலிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாகப் பாறைச்சுவர் எழுகிறது. அச்சுவரை வெட்டிப் பார்த்தது போல அடுக்கடுக்காக எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த படலங்களும், நடுநடுவே சாம்பலும், எரிமலை உமிழ்ந்த துளைகள் நிறைந்த கங்குக்கல்லும் தெரியும். சுவருக்கு மேல் சரிவான மேட்டுநிலம், அதற்கும் மேல் சிகரத்தின் கூம்பு. கூம்பின் உச்சியில் கிண்ணம் போன்ற வாயும் அதில் ஒரு சிறு ஏரியும் உண்டு.

வடமேற்குப் பக்கத்தில் பாறைச்சுவருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு குறுகலான சமநிலப் பட்டை இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பக்கத்து மலைச்சரிவு மொத்தமாக இடிந்து கடலில் விழுந்தது. பின்னால் வந்த எரிமலைக் குழம்பு அந்த இடத்தில் பரவி இச்சமநிலத்தை உருவாக்கியது. தீவில் மனிதர் வாழத் தோதான பெரிய இடம் இது ஒன்றுதான். தீவின் ஒரே ஊரான எடின்பரோ ஆஃப் தி செவன் சீஸ் அதன் மேல்தான் இருக்கிறது. அதே பட்டையில், ஊருக்கும் உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கும் நடுவே, ஹில்பீஸ் என்ற ஒரு சிறு கங்குக்கூம்பும் நிற்கிறது. அது எரிமலையின் பக்கவாட்டு வாய்களில் ஒன்று. ஊரார் தோட்டத்துக்குப் போகும் வழியில் அன்றாடம் அதைக் கடந்து நடந்தார்கள்.

மக்கள் வரலாறு சுருக்கமானது. போர்ச்சுகீசியக் கடலோடிகள் 1506-இல் தீவைக் கண்டார்கள். 1816-இல் பிரிட்டன் ஒரு காவற்படையை நிறுத்தியது. மறு ஆண்டு படை திரும்பியபோது ஒரு கார்ப்பரலும் அவர் குடும்பமும் இன்னும் சிலரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். பின்னர் கப்பல் உடைந்து கரையேறியவர்கள், திமிங்கில வேட்டைக் கப்பல்களிலிருந்து இறங்கியவர்கள், செயின்ட் ஹெலீனாவிலிருந்து வந்த பெண்கள் எனச் சேர்ந்து உருவான சமூகம் இது. 1961-இல் அவர்களுக்கு உருளைக்கிழங்குப் பயிர், ஆடு மாடு, கடற்பறவை முட்டை, மீன் ஆகியவற்றோடு, சிங்கி இறாலை டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்றின் கூலியும் வாழ்வாதாரமாக இருந்தது. ஆலை ஊரின் கிழக்கே, கடற்கரை ஓரமாக நின்றது.

1506 முதல் 1961 வரை தீவில் எரிமலை வெடித்ததாக எந்தப் பதிவும் கிடையாது. ஆகவே எரிமலை அணைந்துவிட்டது என்ற எண்ணம் எல்லோரிடமும் இருந்தது. இந்த எண்ணத்துக்கு ஆதாரம் மனித நினைவு மட்டுமே. ஹில்பீஸ் போன்ற கூம்புகளின் அரிக்கப்படாத விளிம்புகளும், தெற்கே ஸ்டோனி ஹில் பகுதியில் செடிகொடிகள் முழுதாக மூடாத கரடுமுரடான பாறைப்பரப்பும் வேறு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஸ்டோனி ஹில் வெடிப்பு நடந்து சில நூறு ஆண்டுகளே ஆகியிருக்கும் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்தக் கண்ணோட்டத்தோடு தீவைப் பார்க்க அங்கே நிலவியலாளர் எவரும் இல்லை. நில அதிர்வு மானியும் இல்லை.

கண்டவை: ஆகஸ்ட் முதல் அக்டோபர் 9 வரை

ஆகஸ்ட் முதல் வாரத்தில் முதல் அதிர்வுகள் உணரப்பட்டன. தொடக்கத்தில் லேசான உதறல், பின்பு நாட்கணக்கில் அமைதி, மீண்டும் உதறல். செப்டம்பரில் அவை அடிக்கடி வரத் தொடங்கின, வலுவும் கூடியது. பாறைச்சுவரிலிருந்து கற்கள் உருண்டன. தீவின் நிர்வாகி கம்பியில்லாத் தந்தி வழியாக வெளியுலகுக்குத் தகவல் அனுப்பினார். அதிர்வின் மையம் எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லக்கூடிய கருவி தீவிலும் இல்லை, அருகில் எங்கும் இல்லை.

ஆனால் கருவி தேவைப்படாத ஒரு குறிப்பு அவர்கள் கையில் இருந்தது. அதிர்வுகள் ஊரைச் சுற்றியே பலமாக உணரப்பட்டன. ஊரிலிருந்து விலகிப் போகப் போக அவை மங்கின. தொலைவில் எங்கோ பெரிய நிலநடுக்கம் நிகழ்ந்திருந்தால் 12 கிலோமீட்டர் அகலமுள்ள தீவு முழுவதும் ஒரே அளவில்தான் குலுங்கியிருக்கும். ஒரு சிறு வட்டத்துக்குள் மட்டும் நிலம் ஆடுகிறது என்றால் ஆட்டுவது அந்த வட்டத்துக்கு நேர் கீழே, மிகக் குறைந்த ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். பாறைக்குழம்பு மேலேறும்போது தன் வழியில் உள்ள பாறையைப் பிளந்துகொண்டுதான் வரும். அந்தப் பிளவுகளே அதிர்வுகளாக உணரப்படுகின்றன. இன்று எரிமலை நிலையத்தில் பணிபுரியும் எவரும் இந்த ஒரு தகவலைக் கேட்டாலே எழுந்து உட்காருவார்கள். 1961-இல் அது கவனிக்கப்பட்டது. ஆனால் அது சொல்ல வந்ததைப் படிப்பவர் இல்லை.

அக்டோபர் தொடக்கத்தில் நிலைமை வேகமாக மாறியது. ஊருக்குப் பின்னாலிருந்த பாறைச்சுவரின் பகுதிகள் சரிந்தன. நிலத்தில் விரிசல்கள் ஓடின. வீடுகளின் கதவுகள் சட்டத்தில் இறுகிக்கொண்டு திறக்க மறுத்தன. கதவு இறுகுவது சின்ன விஷயமாகத் தோன்றலாம். கல் வீட்டின் சட்டம் கோணலாகிறது என்றால் அடித்தளம் சாய்கிறது என்று பொருள். அடித்தளம் சாய்வதற்குக் காரணம் நிலமே மேல்நோக்கி வீங்குவதுதான். இன்று சாய்வுமானியும் செயற்கைக்கோளும் அளந்து சொல்லும் அதே வீக்கத்தை அந்த வீடுகளின் கதவுகள் சொல்லின.

அக்டோபர் 9 அன்று ஊரின் கிழக்கு ஓரத்தில், வீடுகளுக்குச் சில நூறு மீட்டர் தொலைவில், புல்வெளி பிளந்தது. பிளவின் ஒரு பக்கம் மேலே எழத் தொடங்கியது. மாலைக்குள் அங்கே ஒரு மேடு உருவானது. இரவில் அதன் விரிசல்களில் செந்நிற ஒளி தெரிந்தது. புகைத்தூணோ பேரிரைச்சலோ இல்லாமல் கெட்டியான பாறைக்குழம்பு நிலத்தைத் தள்ளிக்கொண்டு மெல்ல வெளியேறிய வகை வெடிப்பு இது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் இக்குழம்பு பசால்ட் என்ற சாதாரண எரிமலைப் பாறையைவிடச் சிலிக்கா என்ற மணற்சத்து மிகுந்தது, பிசுபிசுப்பு கூடியது என்று கண்டார்கள். அதனால்தான் அது ஆறாக ஓடாமல் முதலில் மேடாகக் குவிந்தது.

முதல் முடிவு: வெளியேறுவது

மேடு எழும்பத் தொடங்கிய அன்றே நிர்வாகியும் ஊர்ப் பெரியவர்களும் ஊரைக் காலி செய்வது என்று முடிவெடுத்தார்கள். அன்றிரவு எல்லோரும் மேற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்குப் போனார்கள். அங்கே தோட்ட வேலைக்கும் விடுமுறைக்கும் பயன்படும் சிறு குடில்கள் இருந்தன. முதியவர்களும் நோயாளிகளும் குழந்தைகளும் சேர்த்து, ஊர் முழுவதும் ஒரே இரவில் அங்கே தங்கியது.

மறுநாள் காலை அவர்கள் முன் இருந்த வழிகளை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். தோட்டங்களிலேயே தங்கி வெடிப்பு ஓய்வதற்குக் காத்திருப்பது முதல் வழி. உணவு, நீர், கூரை எதுவும் அங்கே போதாது. மேடு எந்தத் திசையில் விரியும் என்பதும் தெரியாது. பட்டையின் வேறு இடத்தில் இன்னொரு வாய் திறக்காது என்று சொல்லவும் ஆளில்லை. தீவின் மறுபக்கத்துக்குப் போவது இரண்டாவது வழி. அங்கே ஒரு சமூகம் முழுவதும் தங்குமளவு நிலமோ, ஆட்களை ஏற்றும் நல்ல கரையோ கிடையாது. கடல் வழியாக வெளியேறுவது மூன்றாவது. இது சாத்தியமானதற்குக் காரணம் தற்செயல். இறால் பிடிக்கும் பருவம் என்பதால் டிரிஸ்டானியா, ஃபிரான்ஸஸ் ரெபெட்டோ என்ற இரு மீன்பிடிக் கப்பல்கள் அருகே இருந்தன.

தீவில் அன்று துறைமுகம் கிடையாது. மரச்சட்டத்தின் மேல் கித்தான் போர்த்திய தீவுவாசிகளின் நீள்படகுகளைக் கூழாங்கல் கரையிலிருந்து அலைக்குள் தள்ளி, வெளியே நிற்கும் கப்பலுக்குப் போக வேண்டும். ஆண்டின் பல நாட்களில் கடல் அதற்கு இடம் கொடுக்காது. அக்டோபர் 10 அன்று இடம் கொடுத்தது. கப்பலேறிய மக்கள் தென்மேற்கே 40 கிலோமீட்டருக்குள் இருக்கும் நைட்டிங்கேல் தீவுக்குப் போனார்கள். பறவை முட்டை சேகரிக்கப் போகும்போது தங்கும் சிறு குடில்கள் அங்கே இருந்தன. அக்டோபர் 11 அன்று, தென் அமெரிக்காவிலிருந்து கேப் டவுன் நோக்கிச் சென்ற டியிசதானே என்ற டச்சுப் பயணிகள் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. அக்டோபர் 16 அன்று கேப் டவுன். அங்கிருந்து ஸ்டிர்லிங் காஸில் கப்பலில் நவம்பர் 3 அன்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன்.

வெடிப்பு ஊரை அழிக்கவில்லை. இதைப் பின்னால் தெரிந்துகொண்ட பலர், வெளியேறியது அவசர முடிவு என்று பேசியதுண்டு. இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. வெடிப்பில் வீடுகள் தப்பினவா என்பதைக் கொண்டு இந்த முடிவை எடைபோடக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி, வெளியேறும் வாசல் எவ்வளவு நாள் திறந்திருக்கும் என்பதே. அடுத்த வாரங்களில் எரிமலைக் குழம்பு வடக்கே கடலுக்குள் இறங்கி விசிறி போல விரிந்தது. அது போன வழியில் இறால் ஆலை அழிந்தது. ஊரார் படகுகளைத் தள்ளிய இரண்டு கரைகளும் அதற்கடியில் புதைந்தன. இன்னும் சில வாரங்கள் பார்ப்போம் என்று அவர்கள் தயங்கியிருந்தால், வீடுகள் நின்றிருக்கும், கப்பலுக்குப் போகும் கரைதான் இருந்திருக்காது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முடிவு வேகமாக நிறைவேறியதற்கு அச்சமூகத்தின் பழக்கமும் ஒரு காரணம். கடல் எப்போது இறங்க விடும் என்று பார்த்து, எல்லோரும் சேர்ந்து படகு தள்ளி, குழுவாகத் தொலைதீவுக்குப் போய்வருவது அவர்களின் ஆண்டு வாழ்க்கையில் ஒரு பகுதி. நைட்டிங்கேலுக்குப் போவதும் அவர்களுக்குப் புதிதல்ல. எவரும் ஒத்திகை நடத்தவில்லை என்றாலும் ஒத்திகை தலைமுறைகளாக நடந்துகொண்டிருந்தது.

தொடர்ந்தவை: இங்கிலாந்தில் ஒரு குளிர்காலம்

முதலில் அவர்கள் சர்ரே வட்டாரத்தில் மெர்ஸ்தம் அருகே ஒரு ராணுவ முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். 1962 தொடக்கத்தில் சவுத்தாம்ப்டன் அருகே கால்ஷாட்டில், விமானப்படையினருக்காக முன்பு கட்டிய வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். வேலை கிடைத்தது, குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள். வரவேற்பும் நல்லெண்ணமும் குறைவில்லாமல் இருந்தன.

உடல்நலம்தான் முதலில் ஆட்டம் கண்டது. தனித்த தீவில் வாழ்ந்தவர்களுக்குப் பெருநிலத்துச் சளி, காய்ச்சல் கிருமிகளோடு பழக்கம் குறைவு. கப்பல் வந்துபோன பிறகு ஊரே சளியில் படுப்பது தீவில் தெரிந்த விஷயம். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் அது நுரையீரல் தொற்றாக முற்றியது. முதல் குளிர்காலத்திலேயே முதியவர்கள் சிலர் இறந்தார்கள். வெடிப்பு எவரையும் கொல்லவில்லை என்று எழுதும் ஒவ்வொருவரும் இந்த வரியையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வெளியேற்றத்தின் கணக்கு கப்பலோடு முடிவதில்லை. அந்தச் சமூகத்தில் ஆஸ்துமா மிகுதியாக இருப்பதும் இக்காலத்தில்தான் மருத்துவர்களின் கண்ணில் பட்டது. பிற்காலத்தில் மரபணு ஆய்வுகளுக்கு அது வழிவகுத்தது. ஆனால் அன்று அவர்களுக்குக் கிடைத்தது பத்திரிகைகளின் கூர்ந்த பார்வையும் ஆய்வாளர்களின் கேள்விகளும்தான்.

இதற்கிடையே, இவர்கள் இங்கேயே தங்கிவிடுவார்கள் என்பது அதிகாரிகள் தரப்பில் சொல்லாமலே நிலவிய அனுமானம். எரிமலை மீண்டும் விழித்துவிட்டது, ஆலை போய்விட்டது, கரை போய்விட்டது, இனி எதற்குத் திரும்ப வேண்டும் என்ற தர்க்கம் அது. வெளியேறுவது என்ற அவசர முடிவு, எவரும் விவாதித்து எடுக்காமலே, நிரந்தரமாக இடம் மாறுவது என்ற முடிவாக உருமாறியது. தீவுவாசிகளிடம் இதைப் பற்றி முறையாக எவரும் கேட்கவில்லை.

தீவில் நடந்தது: 1962 ஆய்வுப் பயணம்

பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அனுப்பிய ஆய்வுக்குழு 1962 ஜனவரி இறுதியில் தீவில் இறங்கியது. தீவுவாசிகள் இருவர் உடன் சென்றார்கள். நிலத்தை அறிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டது அக்குழு எடுத்த மிக நல்ல முடிவு.

அவர்கள் கண்டது எதிர்பார்த்ததற்கு மாறானது. ஊர் ஏறக்குறைய அப்படியே இருந்தது. எரிந்துபோனது ஒரு வீடு. புதிய எரிமலைக் கூம்பு ஊரின் கிழக்கே புகைந்துகொண்டிருந்தது. அதன் வெப்பமும் கந்தக நெடியும் அடங்கவில்லை. குழம்பு கடலை நோக்கி விரிந்து தீவுக்குப் புதுக் கரையைச் சேர்த்திருந்தது. அலைகள் அப்போதே அதன் விளிம்பைக் கரைக்கத் தொடங்கியிருந்தன. மார்ச் வாக்கில் வெடிப்பு ஓய்ந்தது.

அழிவு வேறு பக்கத்திலிருந்து வந்திருந்தது. அவசரத்தில் விட்டுப்போன நாய்கள் கட்டுக்கடங்காமல் திரிந்து ஆட்டு மந்தையை ஏறக்குறைய அழித்துவிட்டன. ஆளில்லாத வீடுகளுக்குள் வந்துபோன கப்பல்களின் ஆட்கள் புகுந்து பொருட்களைச் சூறையாடியிருந்தார்கள். எரிமலை தொடாத பெட்டிகள் மனிதக் கைகளால் உடைக்கப்பட்டிருந்தன.

அறிவியல் பலன் பெரியது. தீவின் முதல் முழுமையான நிலவியல் படமும், பாறைகளின் வேதியியல் ஆய்வும் 1964-இல் வெளியான அறிக்கையில் வந்தன. மலைச்சரிவிலும் கடற்கரைப் பட்டையிலும் சிதறிக் கிடக்கும் பக்கவாட்டுக் கூம்புகள் பல எண்ணிப் பதிவு செய்யப்பட்டன. எரிமலை அணைந்தது என்ற கருத்து அதோடு முடிந்தது. வெடிப்பு சிறியது, அதன் குழம்பு மெல்ல நகர்வது, இப்போது ஓய்ந்துவிட்டது என்பதும் பதிவாயிற்று. திரும்ப விரும்பியவர்களுக்கு ஆதாரமும் இதிலிருந்தே கிடைத்தது.

இரண்டாவது முடிவு: திரும்புவது

1962 நடுவில் தீவுவாசிகளின் குரல் வலுத்தது. செப்டம்பரில் 12 பேர் கொண்ட முன்னோடிக் குழு தீவுக்குப் போனது. கூரைகளைச் சீர்செய்தார்கள், உருளைக்கிழங்கு நட்டார்கள். ஊர் வாழத் தகுந்தது என்று செய்தி அனுப்பினார்கள். ஆய்வுக்குழு கண்டு சொன்னதைவிட அந்தச் செய்தியைத்தான் கால்ஷாட்டில் இருந்தவர்கள் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். மண்ணைத் தொட்டுப் பார்த்தவர்களின் சொல் அது.

1962 டிசம்பரில் இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. திரும்புவதற்கு ஆதரவாக 148 வாக்குகள், எதிராக 5. இந்த எண்ணிக்கையை உணர்ச்சிவேகம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் வாக்களித்தவர்கள் ஆபத்தை நேரில் பார்த்தவர்கள். நிலம் எழும்புவதைக் கண்டவர்கள். அவர்கள் ஒரு தட்டில் வைத்தது சில நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய சிறு வெடிப்பை. மறுதட்டில் ஆண்டுதோறும் வரும் குளிர்காலத் தொற்று, சிதறிப்போகும் உறவு, தங்கள் நிலத்தில் தங்கள் உழைப்பில் வாழும் உரிமை. எரிமலையியலாளர் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தாலும் இதைவிடத் தெளிவாகப் போட்டிருக்க முடியாது.

1963 ஏப்ரலில் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். நவம்பரில் பெரும்பான்மையோர் சேர்ந்தார்கள். சிலர் இங்கிலாந்திலேயே தங்கினார்கள். திரும்பியவர்களிலும் சில குடும்பங்கள் பின்னர் மீண்டும் இங்கிலாந்துக்குப் போயின. புதைந்த கரைகளுக்கு மாற்றாக ஒரு சிறு துறைமுகம் கட்டப்பட்டு 1967-இல் முடிந்தது. அதற்குக் கால்ஷாட் என்றே பெயர் வைத்தார்கள். இறால் ஆலையும் மீண்டும் எழுந்தது.

2004-இல் வந்த சோதனை

2004 ஜூலை இறுதியில் தீவுக்கு வெளியே, சில பத்து கிலோமீட்டர் தொலைவில், கடலடியில் வெடிப்பு நிகழ்ந்தது. அணுச்சோதனைத் தடை உடன்பாட்டுக்கான கண்காணிப்பு வலையமைப்பின் நிலையம் தீவில் இருந்ததால் அதிர்வுத் தொடர் கருவிகளில் பதிவானது. தொடர்ந்து நுரைக்கற்கள் கடலில் மிதந்து கரையொதுங்கின. தீவுவாசிகள் அவற்றைச் சேகரித்துக் கொடுத்தார்கள். ஆய்வில் அது ஃபோனோலைட் என்ற எரிமலைப் பாறை வகை என்று தெரிந்தது. இம்முறை எவரும் ஊரைவிட்டுப் போகவில்லை, போக வேண்டியும் இருக்கவில்லை. ஆனால் 1961-க்குப் பின் அரை நூற்றாண்டுகூட ஆவதற்குள் அதே எரிமலைத் தொகுதி மீண்டும் வெடித்தது என்பது, வாக்களித்தவர்கள் போட்ட கணக்கில் இடைவெளியைச் சற்றுக் குறைத்துப் போட வேண்டும் என்று காட்டியது.

பாறைகளின் வயதைத் துல்லியமாகக் கணித்த பிற்கால ஆய்வு ஒன்று சங்கடமான முடிவையும் தந்தது. இத்தீவில் வெடிப்புகள் ஒரு திசையாகவோ ஒழுங்காகவோ இடம் மாறவில்லை. சிகரத்திலும் சரிவிலும் கடற்கரைப் பட்டையிலும் காலவரிசை இல்லாமல் கலந்து நிகழ்ந்திருக்கின்றன. அடுத்த வாய் எங்கே திறக்கும் என்று பழைய வாய்களை வைத்துச் சொல்ல முடியாது. ஊர் இருக்கும் பட்டைக்கு விலக்கு எதுவும் இல்லை.

எவற்றை மாற்றலாம்

முதலாவது, அதிர்வு எங்கே உணரப்படுகிறது, எங்கே உணரப்படவில்லை என்ற பதிவு. 1961-இன் மிக மதிப்புள்ள தகவல் இதுவே. ஊர், தோட்டம், தீவின் மறுபக்கம் என மூன்று இடங்களில் இருப்பவர்கள் நேரத்தோடு குறித்துவைத்தால் போதும். ஆகஸ்டிலேயே அப்படி ஒரு பட்டியல் வெளியே போயிருந்தால் தொலைவிலிருந்து படித்த நிபுணருக்கு ஆழம் குறைந்த மையம் என்று புரிந்திருக்கும். இன்று கருவிகள் இருந்தாலும் இந்தப் பழக்கத்தை விடக் கூடாது. அணுச்சோதனையைக் கண்காணிக்க வைத்த நிலையம் எரிமலைக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. ஒரே இடத்தில் உள்ள மானியால் மையத்தை நன்றாகச் சுட்ட முடியாது.

இரண்டாவது, கால்நடையும் நாய்களும். மக்களைக் காப்பாற்றிய திட்டத்தில் அவற்றுக்கு இடமே இல்லாமல் போனது. சில வாரங்களில் சிறு குழு ஒன்று தீவுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்திருந்தால் மந்தையும் வீட்டுப் பொருட்களும் தப்பியிருக்கும். திரும்பிய ஆண்டுகளின் வறுமையில் ஒரு பங்கு இதனால் வந்தது.

மூன்றாவது மருத்துவம். தனித்த சமூகத்தைக் குளிர்காலத்தில் நெரிசலான முகாமில் வைப்பதற்கு முன்பு, தொற்றிலிருந்து முதியவர்களைப் பாதுகாக்கும் ஏற்பாடு வேண்டும். கேப் டவுனில் கோடையில் சிறிது காலம் தங்கவைக்கும் வாய்ப்பு எண்ணிப் பார்க்கத் தகுந்ததாக இருந்தது. ஆனால் நிறவெறிச் சட்டங்கள் அமலில் இருந்த அன்றைய தென்னாப்பிரிக்காவில் கலப்பு வம்சாவளியினரான இம்மக்களுக்கு அது எவ்வகையான வாழ்க்கையாக இருந்திருக்கும் என்பதையும் மறந்துவிட்டுப் பேச முடியாது.

நான்காவதுதான் எனக்கு முக்கியமானது. வெளியேறும் நாளிலேயே, திரும்புவது பற்றி எப்போது, யார், எந்த அளவுகோலில் முடிவெடுப்பார்கள் என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும். அதிர்வு இவ்வளவு நாள் நின்றால் ஆய்வுக்குழு போகும், ஆய்வுக்குழுவில் ஊர்க்காரர்கள் இருப்பார்கள், அவர்கள் அறிக்கைக்குப் பின் ஊர் வாக்களிக்கும் என்ற அளவுக்காவது. டிரிஸ்டனில் இவை எல்லாம் கடைசியில் நடந்தன. ஆனால் வாக்கெடுப்பு வரும் வரை ஓராண்டுக்கும் மேலாக அம்மக்கள் எந்த உறுதியும் இல்லாமல் அந்நியக் குளிரில் காத்திருந்தார்கள்.

இன்று தீவில் இருநூற்றுக்குச் சற்று மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். 1961-ஐப் போலவே இன்றும் கப்பலைத் தவிர வெளியேற வழியில்லை. கேப் டவுனிலிருந்து கப்பல் வந்துசேர ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும், துறைமுகத்துக்குள் படகு நுழையக் கடலும் ஒத்துழைக்க வேண்டும். ஆகவே எந்த வெளியேற்றத் திட்டமும், ஊரைவிட்டு விலகித் தீவுக்குள்ளேயே குறைந்தது பத்து நாட்கள் தாங்கும் உணவு, நீர், மருந்து, தகவல் தொடர்புக் கருவி ஆகியவற்றோடு தொடங்க வேண்டும். அவற்றை ஒரே இடத்தில் வைக்காமல் தோட்டப் பகுதியிலும் கிழக்குக் கரையிலுமாகப் பிரித்து வைப்பது நல்லது.